பக்க எண் கேட்டு ஒரு திறந்த மடல்

தொல்லியல், ஆவணக் காப்பகம், பொது நூலகம், தமிழ் வளர்ச்சி முதலிய துறைகளைக் கையில் வைத்திருக்கும் மாநில, ஒன்றிய அரசுப் பெருமக்களுக்கு,



நான் பல ஆண்டுகளாகத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதி வருகிறவன். பகலில் வேறு வேலை. இரவுச் சாப்பாடு முடிந்து கணினியைத் திறந்தால் முதலில் போவது 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்துக்கு. அன்றைக்கு யார் எந்தக் கட்டுரையில் எதைச் சேர்த்தார், எதை எடுத்தார் என்பது அதில் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். நல்ல திருத்தமாக இருந்தால் விட்டுவிடுவேன். வசவு, விளம்பரம், ஆதாரமில்லாத செய்தி என்றால் நீக்கிவிட்டுக் கட்டுரையைப் பழைய நிலைக்குக் கொண்டுபோவேன். இதை நாங்கள் மீளமைப்பு என்போம். ஒரு சொடுக்கில் முடிகிற வேலை. இந்த மடலை எழுதவைத்ததும் அப்படி நான் செய்த ஒரு மீளமைப்புதான்.

திருவண்ணாமலைப் பக்கம் ஒரு சிற்றூர். அதைப் பற்றிய கட்டுரையில் இருந்தது நான்கே வரி: எந்த ஒன்றியம், மக்கள்தொகை எவ்வளவு, அஞ்சல் எண் என்ன என்ற அளவில். ஓர் இரவு, புதியவர் ஒருவர் அதில் ஒரு பத்தி சேர்த்திருந்தார். ஊர் ஏரியின் மதகுக் கல்லில் பழைய எழுத்து இருக்கிறது, சோழர் காலத்தது, ஏரியைத் திருத்திக் கட்டியவரின் பெயர் அதில் உண்டு என்று எழுதியிருந்தார். ஆதாரம் எதுவும் தரவில்லை. மீளமைத்தேன். மறுநாள் அதே பத்தி திரும்ப வந்தது. மறுபடியும் மீளமைத்தேன். மூன்றாம் நாள் என் பேச்சுப் பக்கத்தில் ஒரு செய்தி கிடந்தது. "தம்பி, நான் அந்த மதகிலிருந்து குதித்துக் குளித்து வளர்ந்தவன். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே முப்பத்திரண்டு வருஷம் வாத்தியார். பொய் எழுத எனக்கு என்ன அவசியம்?"

எனக்குச் சுருக்கென்றது. "ஐயா, நீங்கள் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். நாளைக்கு வேறொருவர் வந்து சரிபார்க்க ஒரு புத்தகமோ அறிக்கையோ வேண்டும், அதனால்தான்" என்று பதில் போட்டேன். "கல்லே இருக்கிறதே, வந்து பாருங்களேன்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். சித்திரை மாதம். ஏரியில் ஒரு மூலையில்தான் தண்ணீர் கிடந்தது. வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். ஏரிக்குள் இரண்டு கல்தூண்கள், அவற்றை இணைத்துக் குறுக்கே பலகைக் கற்கள். ஊரில் மதகு என்கிறார்கள். கல்வெட்டுகளில் இதற்குத் தூம்பு என்று பெயர். ஒரு தூணின் பாதி வண்டலுக்குள் புதைந்திருந்தது. மேல்பாதியில் ஏதோ ஒரு தேர்தலுக்குப் பூசிய சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் தோள்துண்டை நனைத்துக்கொண்டு வந்து கல்லை மெதுவாக ஒற்றினார். ஈரம் பட்டதும் எழுத்து தெரிந்தது. எனக்கு 'ஸ்வஸ்திஸ்ரீ' மட்டும் படிக்க வந்தது. வெயிலில் கல் காய்ந்ததும் அதுவும் மறைந்துவிட்டது.

"நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜீப்பில் நாலு பேர் வந்தார்கள். ஈரக் காகிதத்தைக் கல்லின்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி, மை ஒற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினேன். அந்தக் காகிதம் எங்கேயாவது பத்திரமாக இருக்கும், இல்லையா தம்பி?" என்று கேட்டார்.

ஐயா, அம்மா, அந்த மைப்படி உங்களில் யாரோ ஒருவரிடம் இருக்கிறது. அது எந்த ஆண்டின் அறிக்கையில் எந்த எண்ணில் பதிவாயிற்று என்று தேடி நானும் அவரும் ஓராண்டு அலைந்தோம். ஓர் அலுவலகத்துக்கு எழுதினோம். நேரில் வாருங்கள் என்றார்கள். நேரில் போனோம், கடிதம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். அதற்குப் பிறகு பதில் இல்லை. எங்களை உட்காரவைத்துத் தேநீர் வாங்கித் தந்த அந்த ஊழியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கையில் கொடுக்கப்பட்டிருந்த பதிவேட்டில் ஊர்ப்பெயரை வைத்துத் தேடவே வழி கிடையாது.

கண்ணால் பார்த்துவிட்டாயே, நீயே எழுதிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். எழுதக்கூடாது. ஏன் கூடாது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் சண்டைகள் எல்லாம் இங்கேதான் பிறக்கின்றன.

பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தில், அந்தந்தத் துறையை அந்தந்தத் துறையின் அறிஞர்கள் எழுதினார்கள். எழுதியவரின் படிப்பே வாசகருக்கு உறுதி. 2003இல் தொடங்கி இன்று 1,50,000-க்கு மேற்பட்ட கட்டுரைகளோடு நிற்கும் தமிழ் விக்கிப்பீடியாவில் அந்த உறுதி கிடையாது. எழுதுகிறவர் பேராசிரியரா பத்தாம் வகுப்பு மாணவரா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. பாதிப் பேர் புனைபெயரில் எழுதுகிறார்கள். அதனால் ஆளுக்குக் கொடுக்க வேண்டிய மதிப்பை ஆதாரத்துக்குக் கொடுக்கிறோம். இது எந்த நூலில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் முகம் தெரியாத நூறு பேர் ஒரே கட்டுரையில் வேலை செய்ய முடிகிறது. பதில் இல்லாத இடத்தில் 'சான்று தேவை' என்று ஒட்டுகிறோம். பதில் வராவிட்டால் நீக்குகிறோம்.

இந்தக் கெடுபிடி சும்மா வந்ததன்று. 2005இல் ஜான் சீகந்தாலர் என்ற அமெரிக்க மூத்த பத்திரிகையாளரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில், கென்னடி சகோதரர்களின் கொலையில் அவருக்குத் தொடர்பு இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது என்று யாரோ எழுதிவைத்தார்கள். அப்பட்டமான பொய். நான்கு மாதத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது. வாழும் மனிதர்களைப் பற்றி எழுதும்போது ஆதாரமில்லாத வரியை உடனே நீக்க வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகுதான் இறுகியது. இன்னொன்று: 2008இல் ஒரு மாணவர் கோட்டி என்ற தென்னமெரிக்க விலங்கின் கட்டுரையில், அதற்கு 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்றும் பெயர் உண்டு என்று தம் மனம்போன போக்கில் சேர்த்துவிட்டார். சில ஆண்டுகளில் அந்தப் பெயர் நாளிதழ்களில் வந்தது, புத்தகங்களில் வந்தது. பிறகு அந்த நாளிதழ்களையே ஆதாரமாகக் காட்டி விக்கிப்பீடியாவில் அந்தப் பெயரை நிலைநிறுத்தினார்கள். தமிழில் இந்த வட்டம் இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. எங்களிடமிருந்து ஒரு வரியை எடுத்துப் பெயர் சொல்லாமல் போடும் இதழை, மறுவாரம் எங்களிடமே ஆதாரமாகக் கொண்டுவந்து காட்டுகிறார்கள்.

புகழ்பெற்றவர்களுக்கும் இதே விதிதான். நாவலாசிரியர் பிலிப் ராத் 2012இல் 'நியூ யார்க்கர்' இதழில் விக்கிப்பீடியாவுக்கே ஒரு திறந்த மடல் எழுதினார். அவருடைய 'த ஹியூமன் ஸ்டெயின்' நாவலின் நாயகனுக்கு இன்ன எழுத்தாளர்தான் மூலம் என்று ஆங்கிலக் கட்டுரையில் இருந்தது. அது தவறு, எழுதிய நானே சொல்கிறேன், மாற்றுங்கள் என்று கேட்டிருந்தார். உங்கள் சொல் மட்டும் போதாது, வேறு ஆதாரமும் வேண்டும் என்று பதில் வந்தது. மனம் நொந்து மடல் எழுதினார். மடல் அச்சானது. அச்சானதும் அந்த மடலே ஆதாரமாகி, அவர் சொன்னது கட்டுரையில் ஏறியது.

ராத்துக்கு நியூ யார்க்கர் இருந்தது. எங்கள் வாத்தியாருக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள். அவர் சொல்வதை அச்சில் உறுதிப்படுத்தக்கூடிய காகிதம் உங்களிடம்தான் இருக்கிறது.

ஆதாரம் வராத இடம் காலியாகக் கிடப்பதில்லை. வேறு ஏதாவது வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஊர்க் கட்டுரைகளிலும் கோயில் கட்டுரைகளிலும் சாதிக் கட்டுரைகளிலும் நாங்கள் தினமும் பார்ப்பது இதைத்தான். ஒரு சமூகத்தைப் பற்றிய கட்டுரையில் 'ஆண்ட பரம்பரை' என்று ஒருவர் சேர்ப்பார். பக்கத்துச் சமூகத்தைச் சேர்ந்தவர் நீக்குவார். நீக்கியவரின் பேச்சுப் பக்கத்தில் வசவு விழும். ஒரே நாளில் ஐந்து முறை, ஆறு முறை கட்டுரை அங்கும் இங்கும் புரளும். ஆதாரம் கேட்டால் சாதிச் சங்க மலரைக் காட்டுவார்கள். இல்லாவிட்டால் எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலைக் காட்டுவார்கள். தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து குறித்துக்கொண்டு போனவர். அந்தக் காலத்து ஆட்சியாளர்களின் பார்வையில் எழுதப்பட்ட அந்த வகை நூல்களைச் சாதி வரலாற்றுக்கு ஆதாரமாக ஏற்பதில்லை என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் முடிவெடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. நூறாண்டுக்கு மேலாகியும் எங்கள் பையன்கள் அதையே தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்றால், அதற்குப் பிறகு ஆய்ந்து எழுதப்பட்டவை அவர்கள் கைக்கு எட்டவில்லை என்றுதான் பொருள். தர்ஸ்டன் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறார். நம் பல்கலைக்கழகங்களில் ஐம்பது ஆண்டுகளாகக் குவிந்த ஆய்வேடுகளில் பெரும்பகுதி அப்படிக் கிடைப்பதில்லை.

கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தொல்லியல் துறை அங்கே முதல் மூன்று கட்ட அகழாய்வைச் செய்தது; முதல் இரண்டுக்கும் பொறுப்பில் இருந்தவர் அமர்நாத் ராமகிருஷ்ணா. 2018இல் நான்காம் கட்டத்தை மாநிலத் தொல்லியல் துறை செய்து, அடுத்த ஆண்டே அறிக்கையை நூலாக வெளியிட்டது. கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்ற காலக்கணிப்பு அதில் வந்தது. நூல் இருந்ததால் எந்த அடுக்கில் எடுத்த மாதிரி, எந்த ஆழம் என்று பக்கம் சொல்லி எழுத முடிந்தது. முதல் இரண்டு கட்டங்களின் கதை வேறு. 982 பக்க அறிக்கையை அமர்நாத் 2023 ஜனவரியில் ஒப்படைத்தார். கி.மு. 8ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போகும் அதன் காலவரிசையை நியாயப்படுத்தித் திருத்தித் தரும்படி 2025 மே மாதம் துறை எழுதியது. தம் முடிவில் மாற்றமில்லை என்று அவர் பதில் தந்தார். அறிஞர்கள் முரண்படுவது ஆய்வுக்கு நல்லது. ஆனால் இடைப்பட்ட இரண்டேகால் ஆண்டும் அந்த அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை. கீழடி பற்றிய கட்டுரைகளில் நூற்றாண்டு எண் மாறி மாறித் திருத்தப்பட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் தொலைக்காட்சி விவாதத்தைக் காட்டினார், இன்னொருவர் ஒரு தலைவரின் மேடைப் பேச்சைக் காட்டினார். மீளமைத்தவரைத் தமிழ்த் துரோகி என்றார்கள். மீளமைக்காமல் விட்டவரைத் தமிழ் வெறியர் என்றார்கள். இரண்டு வசவையும் ஒரே வாரத்தில் வாங்கிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் கேட்டதெல்லாம் அந்த 982 பக்கங்களில் ஒரு பக்கத்தின் எண்.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு இரும்பின் தொன்மை பற்றி அறிவித்தபோது, சிவகளையில் கிடைத்தவற்றின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்ற அறிக்கையும் கூடவே நூலாக வந்தது. அந்தக் காலக்கணிப்பைக் கேள்வி கேட்பவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும். கேள்வி கேட்பவரும் ஏற்பவரும் ஒரே நூலைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடிகிறது. இதைச் செய்யத் தெரிந்த நீங்கள் மற்றதையும் செய்யலாம் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

கல்வெட்டுகளின் நிலை இன்னும் வருத்தமானது. 1880களின் கடைசியிலிருந்து நம் கோயில்களிலும் ஏரிகளிலும் படியெடுத்த தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் மைசூரில் குவிந்திருந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட வேண்டியிருந்தது. காகிதம் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வருவது ஒரு படி. அதில் எழுதியிருப்பது என்ன என்று அச்சிலோ இணையத்திலோ வருவது அடுத்த படி. இரண்டாவது படிக்காகத்தான் வாத்தியார் காத்திருக்கிறார்.

நீங்கள் வெளியிட்டவற்றைப் பற்றியும் ஒரு சொல். அரசின் பழைய குறிப்பேடுகள் பல வானவில் எழுத்துருவில் தட்டச்சாகி பிடிஎஃப் கோப்பாக இணையத்தில் இருக்கின்றன. திரையில் தமிழாகத் தெரிகிறது. ஒரு வரியைப் படியெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகச் சிதறி விழுகிறது. எந்தத் தேடுபொறிக்கும் அது தமிழ் இல்லை. ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே தரமாக அறிவித்துவிட்டது. அதற்கு முந்தையவற்றை மாற்றிப்போட இன்னும் ஆள் வரவில்லை. அதோடு, ஒரு துறையின் இணையதளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய பக்கங்களின் முகவரிகள் எல்லாம் செத்துப்போகின்றன. அடுத்த சில நாளில் எங்கள் கட்டுரைகளின் அடியில் 'தொடர்பிழந்த இணைப்பு' என்ற குறிப்பு வரிசையாக ஏறும். ஓர் அணையின் கொள்ளளவு குறித்து ஒருவரோடு எனக்கு இரண்டு வாரம் சண்டை. நான் முன்பு காட்டிய அரசுப் பக்கம் திறக்கவில்லை. அவரிடம் இருந்தது நாளிதழ்ச் செய்தி. கடைசியில் வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் பழைய பக்கத்தின் படி ஒன்று கிடைத்தது. நான் சொன்னது மொத்தக் கொள்ளளவு, அவர் சொன்னது பயன்பாட்டுக்கு வரும் கொள்ளளவு. இரண்டு எண்ணும் அந்த ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருந்தன. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். நல்ல கணக்கு தெரிந்த மனிதர். அவரைப் போல விலகிப் போன ஒருவரைத் திரும்ப அழைத்துவருவது எவ்வளவு கடினம் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

எங்களோடு எழுதும் ஈழத்து நண்பர் ஒருவர் உண்டு. என்னைவிட மூத்தவர். அவருடைய ஊர்க் கட்டுரை ஒன்றில் நான் 'சான்று தேவை' போட்டபோது, "எரிஞ்சு போனதையெல்லோ கேக்கிறியள், தம்பி" என்று எழுதினார். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். 97,000 அளவில் நூல்கள் போயின என்பார்கள். வேறு எங்கும் படி இல்லாத சுவடிகளும் அதில் அடக்கம். அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள்தான் 2005இல் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தைத் தொடங்கினார்கள். அரசு அவர்களுக்குப் பின்னால் இல்லை. இதழ்கள், பள்ளி மலர்கள், கோயில் மலர்கள், இறந்தவரின் நினைவாகக் குடும்பத்தார் அச்சிடும் சிறு புத்தகங்கள் என்று வீடு வீடாகத் தேடி எடுத்துப் படமாக்கிப் போட்டார்கள். இறந்தவருக்கு அச்சிடும் அந்தப் புத்தகத்துக்கு யாழ்ப்பாணத்தில் பெயரே 'கல்வெட்டு'. பிறந்த ஆண்டு, படித்த பள்ளி, செய்த தொண்டு எல்லாம் அதில் இருக்கும். அந்த நண்பரின் கட்டுரையில் நான் போட்ட 'சான்று தேவை' ஒன்றை நீக்கியது அப்படி ஒரு கல்வெட்டுதான். எரித்த பிறகு மிஞ்சியதை வைத்து அவர்களால் இது முடிந்தது. எரியாமல் உங்கள் அலமாரிகளில் இருப்பதை வைத்து எவ்வளவோ செய்யலாம்.

செய்த முன்னுதாரணமும் உங்களிடமே இருக்கிறது. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புரிமையை வாங்கியது. பிறகு அது மக்களுக்கே பொதுவாயிற்று. அதன் பின் நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறீர்கள். வேறெங்கும் இந்த அளவுக்கு நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் படமெடுத்துத் தந்த நாட்டுடைமை நூல்கள் இன்று விக்கிமூலத்தில் எழுத்து எழுத்தாக மெய்ப்புப் பார்க்கப்பட்டுக்கொண்டிருக்கின்றன. ஓர் எழுத்தாளரின் குடும்பத்துக்குப் பணம் கொடுத்து வாங்கி மக்களுக்குத் தருகிற அரசு, தன் பணத்தில் தன் ஊழியர்கள் எழுதிய அறிக்கையைப் பூட்டி வைத்திருக்கிறது. பதிப்புரிமைச் சட்டப்படி அரசின் வெளியீட்டுக்கு 60 ஆண்டு உரிமை. 1970இல் அச்சான ஒரு தொல்லியல் கையேட்டை 2030 முடியும்வரை நாங்கள் முழுதாக எடுத்துப் போட முடியாது. கடையிலும் அது கிடைக்காது. அமெரிக்க ஒன்றிய அரசின் வெளியீடுகளுக்கு அந்த நாட்டில் பதிப்புரிமையே இல்லை. நாசாவின் படங்கள் உலகத்துப் பள்ளிப் புத்தகங்களில் எல்லாம் இருப்பது அதனால்தான். ஒன்றிய அரசும் 2017இல் திறந்த தரவு உரிமம் ஒன்றை அறிவித்தது. பாட்டுக்கும் கதைக்கும் செய்ததை அறிக்கைக்கும் பதிவேட்டுக்கும் செய்யுங்கள். துறை அறிக்கைகளை நாட்டுடைமை ஆக்குங்கள். ஓர் அரசாணை போதும்.

அதிகாரத்தில் இருப்பவர்கள் எங்கள் பக்கம் திரும்புவது பெரும்பாலும் வேறு காரணத்துக்காக. 2022 செப்டம்பரில் ஆசியக் கோப்பை ஆட்டத்தில் இந்தியக் கிரிக்கெட் வீரர் அர்ஷ்தீப் சிங் ஒரு பந்தைத் தவறவிட்டார். அன்றிரவு ஆங்கில விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிய கட்டுரையில் அவரைக் காலிஸ்தானோடு இணைத்து யாரோ எழுதினார்கள். தன்னார்வலர்கள் சில நிமிடங்களில் மீளமைத்துவிட்டார்கள். மறுநாள் ஒன்றிய அமைச்சகம் விக்கிப்பீடியா பொறுப்பாளர்களை விளக்கம் கேட்டு அழைத்தது. 2024 ஜூலையில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம், தன்னைப் பற்றிய கட்டுரையில் அரசின் பரப்புரைக் கருவி என்ற விமர்சனம் இடம்பெற்றதற்காக டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. அந்த விமர்சனங்களுக்கு அடியில் அச்சில் வந்த கட்டுரைகள் ஆதாரமாகக் காட்டப்பட்டிருந்தன. வழக்கில் கேட்கப்பட்டதோ, அந்தக் கட்டுரையைத் தொகுத்த மூன்று பயனர்களின் விவரம். வழக்கைப் பற்றிய கட்டுரையையே நீக்கும்படி அக்டோபரில் ஆணை வந்தது. 2025 மே 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது.

அவதூறுக்கு வழக்குப் போட யாருக்கும் உரிமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மாதங்களில் எங்கள் ஆலமரத்தடியில் — பொது விவாதப் பக்கத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது — என்ன பேச்சு நடந்தது என்று சொல்ல வேண்டும். உண்மைப் பெயரில் எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவி ஒருவர், பெயரை மாற்றிக்கொள்ளலாமா அண்ணா என்று கேட்டார். அவர் எழுதிக்கொண்டிருந்தது பறவைகளைப் பற்றி. ஓர் எழுத்தைத் திருத்தியதற்கு நீதிமன்றப் படி ஏற வேண்டி வருமோ என்ற பயம் நீர்க்கோழிக் கட்டுரை வரைக்கும் வந்துவிட்டது. ஒரு வரி தவறு என்றால் அதற்கு எதிரான பக்கத்தைக் கொண்டுவந்து பேச்சுப் பக்கத்தில் வையுங்கள். நள்ளிரவானாலும் யாராவது ஒருவர் படித்துத் திருத்துவார். நீங்கள் அமைச்சரா, ஏரிக்கரை வாத்தியாரா என்று அங்கே கேட்க மாட்டோம்.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவரின் முதல் பத்தியை, ஏன் என்று ஒரு வரி எழுதாமலே மீளமைக்கிறோம். வாத்தியாருக்கு நான் அதைத்தான் செய்தேன், இரண்டு முறை. அவர் கோபித்துக்கொண்டு போயிருந்தால் மதகுக் கல்லை நான் பார்த்திருக்கவே மாட்டேன். இப்போது மீளமைக்கும் ஒவ்வொரு முறையும் காரணம் எழுதுகிறேன்; முடிந்தால் எங்கே தேடலாம் என்றும் எழுதுகிறேன். அந்த இரண்டாவது வாக்கியத்தை எழுதும்போதுதான் கை நின்றுபோகிறது. எங்கே போய்த் தேடச் சொல்வது?

வாத்தியாரின் பத்தியை நான் அழித்துவிடவில்லை. விக்கிப்பீடியாவில் எதுவும் முழுதாக அழிவதில்லை. கட்டுரையின் வரலாற்றில் அவர் எழுதியதும் நான் நீக்கியதும் நாள், நேரத்தோடு அப்படியே இருக்கின்றன. அந்தப் பத்தியை எடுத்து அந்த ஊர்க் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் வைத்து, 'ஆதாரம் தேடப்படுகிறது' என்று மேலே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். பொங்கலுக்குப் பொங்கல் வாத்தியார் தொலைபேசியில் அழைப்பார். பிள்ளைகள் நலமா என்று விசாரித்துவிட்டு, "கிடைத்ததா தம்பி?" என்று கேட்பார். போன பொங்கலுக்குக் குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. அடுத்த மழையில் ஏரி நிரம்பினால் தூண் இன்னும் ஒரு சாண் வண்டலுக்குள் போகும் என்றார்.

ஆண்டறிக்கையின் ஆண்டு, பதிவு எண், பக்கம். இவை கிடைக்கிற அன்றிரவே அந்தப் பத்தியைக் கட்டுரையில் நானே சேர்த்துவிட்டு அவருக்குச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதும் ஒருவன்